மைனஸ் நாற்பதில் வேலூர்

வேலூரில் கத்திரி வெயில் உச்சியில் நிற்கும் ஒரு மதியம். ஒர்க்‌ஷாப் வேப்பமரத்தடியில் பானட்டைத் திறந்தபடி ஒரு சின்ன பெட்ரோல் கார் நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த வண்டி அது. சாவியை ஒரு சுற்றுத் திருப்பினால் போதும், என்ஜின் உயிர் பெறுவதற்கு முன்பே ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டு சுற்றத் தொடங்கிவிடுகிறது. டேஷ்போர்டில் மஞ்சளாக செக் என்ஜின் விளக்கு. மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஸ்கேனரைச் செருகுகிறார். திரையில் கூலன்ட் வெப்பநிலை: மைனஸ் 40 டிகிரி செல்சியஸ்.

“சார், உங்க வண்டி சைபீரியாவுல நிக்குது” என்கிறார்.

ஊரும் பெயரும் மாறலாம், ஆனால் இந்தக் காட்சி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் காணக் கிடைப்பதுதான். அந்த எண்ணும் மாறாது. மைனஸ் 37 என்றோ மைனஸ் 52 என்றோ வராது, மைனஸ் 40-தான் வரும். காரணம் குளிரில் இல்லை, கணக்கில் இருக்கிறது. காரின் கணினியிடம் ஸ்கேனர் பேசும் பொது மொழியில் கூலன்ட் வெப்பநிலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு பைட். 0 முதல் 255 வரையிலான எண்களில் ஒன்றைத்தான் அது சொல்ல முடியும். வரும் எண்ணிலிருந்து 40-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அளவுகோலின் ஒரு முனை மைனஸ் 40, மறு முனை 215. பூஜ்யம் வந்தால் மைனஸ் 40. “எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை” என்று கணினி சொல்வதை ஸ்கேனர் குளிராக மொழிபெயர்த்துவிடுகிறது.

ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? அதற்கு சென்சாரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு. ஒரு பக்கம் திருகும் மரை, மறு பக்கம் இரண்டு பின்கள் உள்ள பிளாஸ்டிக் தலை. நுனிக்குள் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த ஒரு சிறு பீங்கான் மணி இருக்கிறது. அதற்குப் பெயர் தெர்மிஸ்டர். ஓடும் பாகம் எதுவும் இல்லை, பாதரசம் இல்லை, சுருள்வில் இல்லை.

அந்த மணியின் குணம் சாதாரண உலோகக் கம்பிக்கு நேர் எதிரானது. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அதில் மின்சாரம் ஓடுவது கொஞ்சம் சிரமமாகும். இந்த மணியைச் சூடாக்கினால் வழி அகலத் திறந்துகொள்ளும். மைக்கேல் ஃபாரடே இந்த விசித்திரத்தை 1833-இல் வெள்ளி சல்ஃபைடில் கவனித்து எழுதிவைத்தார். ஆனால் அதை விற்கக்கூடிய ஒரு பொருளாகச் செய்ய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1930-இல் அமெரிக்கர் சாமுவேல் ரூபன் அதைச் செய்தார். பின்னாளில் டியூராசெல் பேட்டரி பிறக்கக் காரணமாக இருந்தவரும் அவரே.

கார்களில் பரவலாக இருக்கும் ஒரு வகை சென்சாரின் கணக்கு இது. 20 டிகிரியில் அதன் மின்தடை சுமார் 2,500 ஓம். 40 டிகிரியில் 1,170. 80 டிகிரியில் 320. தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியில் வெறும் 186. தொடக்கத்தில் மலைச்சரிவு போல விழுந்து, சூடு ஏற ஏறச் சமவெளி போலத் தட்டையாகும் கோடு. இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, சற்று நேரத்தில் ஒரு பொய்யைப் பிடிக்க உதவும்.

கணினிக்கு ஓம் தெரியாது, வோல்ட்தான் தெரியும். அதனால் தன் வயிற்றுக்குள் ஒரு நிலையான மின்தடையை வைத்துக்கொண்டு, அதன் வழியாக 5 வோல்ட்டை சென்சாருக்கு அனுப்புகிறது. அந்த 5 வோல்ட்டை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பதும் 2,500 ஓம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் சென்சாரின் பங்கு சரிபாதி, இரண்டரை வோல்ட். 100 டிகிரியில் அது 0.35 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஒயர் அறுந்துபோனால் பங்கு கேட்க ஆளில்லை, முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினிக்கு அது உலகிலேயே குளிரான இடம். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனாலோ பூஜ்யம் வோல்ட், உலகிலேயே சூடான இடம். ஸ்கேனர் காட்டும் பி 0118 முன்னதைக் குறிக்கும், பி 0117 பின்னதை. இரண்டில் எது வந்தாலும், அந்த அளவை நம்ப முடியாது என்று கணினி முடிவு செய்கிறது. பல வண்டிகளில் 80 டிகிரியைப் போல ஒரு எண்ணைத் தானே வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓடவிடும். வேலூர்க் காரில் நடந்தது அதுதான். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று நினைத்து காலையில் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தது, அதனால்தான் ஸ்டார்ட் ஆவதில் அடம்.

குளிர்ந்த என்ஜினுக்கு ஏன் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பதைப் பழைய ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983-இல் வந்த மாருதி 800 எல்லாம் கார்பரேட்டர் வண்டிகள். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குப் போதுமான ஆவி கிடைக்க, தேவைக்கு மேல் ஊற்ற வேண்டும். சோக்கை இழுத்து, என்ஜினின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிய கைதான் அந்தக் கார்களின் வெப்பநிலை சென்சார். மார்கழிக் காலையில் எவ்வளவு இழுப்பது, மதியம் நிழலில் நிறுத்தி எடுக்கும்போது எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியும். மறந்து இழுத்தபடியே ஓட்டினால் கறுப்புப் புகையும் காலியான டேங்க்கும் மிச்சம்.

அந்தக் கையின் வேலையை மின்னணுவிடம் ஒப்படைத்த முதல் கார்களில் ஒன்று 1967-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் 1600. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு பெட்ரோல் பீச்சும் முறை அதில் இருந்தது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்கப் பிறந்தது அது. அந்த என்ஜினில் தண்ணீரே கிடையாது, காற்றால் குளிர்வது. ஆகவே சென்சாரை சிலிண்டர் தலையிலேயே பதித்தார்கள். மாருதி 800-க்கு அந்தத் தொழில்நுட்பம் வந்து சேர 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த மாசு விதிகள் தேவைப்பட்டன. கார்பரேட்டர் போனதோடு, சோக் குமிழும் போயிற்று.

தண்ணீரின் சூட்டை மட்டும் கேட்டால் கணினிக்குப் போதாது, உள்ளே வரும் காற்றின் சூடும் வேண்டும். அழுத்தம் ஒன்றே என்றால், 5 டிகிரிக் காற்று 42 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு அடர்த்தியானது. ஒரே மூச்சில் அதிக ஆக்சிஜன், அதற்கேற்ப அதிக பெட்ரோல். சின்ன கார்கள் பலவற்றில் இந்தக் காற்றுச் சென்சார் தனியாக இருக்காது. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரோடு ஒரே உறையில், என்ஜினின் மூச்சுக்குழலில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே வாசகர் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் சென்சார் என்ஜினின் சூட்டைச் சொல்வதில்லை, தண்ணீரின் சூட்டையும் சொல்வதில்லை. தன் நுனியின் சூட்டைத்தான் சொல்கிறது. அந்த நுனியைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் நாம் வைத்துக்கொண்ட நம்பிக்கை.

அந்த நம்பிக்கை கார் அளவுக்கே பழையது. 1910-களில் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸின் மோட்டோமீட்டர் என்று ஒன்று புகழ் பெற்றிருந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் பதக்கம் போல நிற்கும் வட்டமான வெப்பமானி. ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர்கள் ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே சிவப்புத் திரவம் ஏறுவது தெரியும். ஆனால் அதன் குமிழ் தண்ணீரைத் தொட்டதில்லை, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் அளந்தது.

இன்றைய காரில் நிலைமை தலைகீழ். நுனி தண்ணீரில் இருக்கும்போது சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் வடிந்துவிட்டால் நுனி காற்றிலும் நீராவியிலும் தொங்கும். தண்ணீரைப் போல வாயு சூட்டை வேகமாகக் கடத்தாது. என்ஜின் தலை வெந்துகொண்டிருக்க, அளவு மெதுவாக ஏறும், சில நேரம் இறங்கவும் செய்யும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே போயிருந்த முள் சட்டென்று கீழே வந்தால், அப்பாடா என்று ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒரு எளிய சோதனை உண்டு. ஹீட்டரைப் போட்டுப் பார்க்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், பெரும்பாலும் உள்ளே தண்ணீர் சுற்றவில்லை.

முள் என்று சொல்வதே இப்போது கொஞ்சம் பழங்கதை. பல சின்ன கார்களில் முள்ளே இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. முள் இருக்கும் கார்களிலும் அது உண்மையைப் பேசுவது குறைவு. சுமார் 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் வைத்துவிடுகின்றன. ஃபேன் ஓடும்போது இறங்கி, நின்றதும் ஏறும் முள்ளைப் பார்த்து வாடிக்கையாளர் பதறி வரக் கூடாதே! இந்தக் கரிசனம் சரியா என்பது விவாதத்துக்குரியது. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய பத்து நிமிடங்கள் அதில் காணாமல் போகின்றன.

இனி அந்தப் பொய்க்கு வருவோம். ஒயர் அறுந்தால் கணினி கண்டுபிடித்துவிடும், ஷார்ட் ஆனாலும் கண்டுபிடித்துவிடும். அரைகுறையாகக் கெட்டால்? சென்சார் தலையில் மாட்டும் கப்ளரில் ஈரம் ஏறிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது, அதனால் பாதையில் 130 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 20 டிகிரியில் இருக்க வேண்டிய 2,500 ஓம் 2,630 ஆகிறது. கணினி 19 டிகிரி என்று நினைக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதே களிம்பு, அதே 130 ஓம், தண்ணீர் 100 டிகிரிக்கு வந்ததும் 186-ஐ 316 ஆக்கிவிடுகிறது. கணினி அதை 80 டிகிரி என்று வாசிக்கும்! குளிரில் ஒரு டிகிரி பிசகு, சூட்டில் இருபது டிகிரி பிசகு. சமவெளிப் பகுதியில் ஒரு சின்ன மேடுகூட வெகுதூரம் தள்ளிவிடும். 95 டிகிரிக்குப் பக்கத்தில் சுற்ற வேண்டிய ஃபேன் சும்மா இருக்கும். செக் என்ஜின் விளக்கும் எரிந்திருக்க வேண்டியதில்லை, 80 என்பது நியாயமான எண்தானே. டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகிறது, ஹைவேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி வரும் வண்டிகளில் சில இந்த வகை. பத்து ரூபாய்க்கும் பெறாத சுத்தம் செய்யும் வேலை, சில வண்டிகளில் ஹெட் கேஸ்கெட் வரை போயிருக்கும்.

அந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்பின் கை வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஃபேனை டைரக்ட் பண்ணிவிடுவது. சாவி போட்டதும் ஓடட்டும், தொல்லை விட்டது. இதன் அண்ணன் இன்னொரு வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடுவது. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்ற கேள்வி கேட்க நியாயமாகத்தான் படும். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு நிறைந்த சிறு வால்வு. 82 முதல் 88 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும். என்ஜின் மிஞ்சிச் சூடாகும்போது அது முழுதாகத் திறந்தேதான் இருக்கிறது. எனவே அதைக் கழற்றுவதால் ரேடியேட்டரின் சக்தி ஒரு துளிகூடக் கூடாது. அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். மாறாக, ஹைவேயில் என்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரவே வராது. சூடேறும் கட்டத்துக்கான கூடுதல் பெட்ரோல் நீளும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். புதிய வண்டியாக இருந்தால் கணினி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு பி 0128 என்று எழுதிவைக்கும். இத்தனை நேரம் ஓடியும் தண்ணீர் சூடாகவில்லையே என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை பேசியதற்காகத் தண்டிக்கப்படும் சாட்சி!

மூன்றாவது எதிரி போர் தண்ணீர். ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதில் அதை ஊற்றினால், கெட்டிலின் அடியில் படிவது போல உப்பு சென்சார் நுனியிலும் படியும். உப்புப் போர்வை போர்த்திய நுனிக்குச் சூடு தாமதமாகத்தான் உறைக்கும். கூலன்டில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்துகள் இருக்கின்றன, கொதிநிலையும் கூடுகிறது. அதைக் கலக்கவும் கனிமம் நீக்கிய தண்ணீர்தான் வேண்டும்.

மற்ற சென்சார்கள் இவ்வளவு நாடகம் ஆடுவதில்லை. ஏசி பெட்டிக்குள் குளிர்ந்த தகடுகளின் நடுவே ஒன்று இருக்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. அது கெட்டால் தகடுகளில் ஐஸ் கட்டும். முதல் அரை மணி நேரம் ஏசி அருமையாக இருந்தது, அப்புறம் காற்றே வரவில்லை என்ற புகாரின் பின்னால் இது இருக்கலாம். வெளிச்சூட்டைக் காட்டும் சென்சார் முன் பம்பருக்குப் பின்னால் தொங்கும். டிராஃபிக்கில் தார்ச்சாலையின் அனலையும் ரேடியேட்டரின் அனலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, வானிலை அறிக்கையைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகச் சொல்லும். இதுவும் தன் சூட்டைத்தான் சொல்கிறது.

சரிபார்க்க மிக நல்ல கருவி ஓர் இரவு. மாலையில் நிறுத்திய கார் விடியும்போது முழுக்க ஊரின் சூட்டுக்கு வந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பார்த்தால், கூலன்டும் உள்ளே வரும் காற்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று 28, மற்றொன்று 41 என்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். ஆனால் களிம்பு போன்ற திருடன் இந்தச் சோதனையில் தப்பிவிடுவான், அவன் சூட்டில்தான் சிக்குவான். அதனால் ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சீராக ஏறி, தெர்மோஸ்டாட் திறக்கும்போது சற்றுத் தயங்கி, தொண்ணூறுகளில் ஃபேன் ஓடி இறங்கி மறுபடி ஏறினால் எல்லாம் நலம்.

சந்தேகம் தீராவிட்டால் சென்சாரைக் கழற்றி, நுனியை மட்டும் வெந்நீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு வெப்பமானி கட்டாயம். கொதிக்கும் தண்ணீர் என்றாலே 100 டிகிரி என்று எண்ணிவிடக் கூடாது, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே நல்ல சென்சாரும் கெட்டதாகத் தோன்றும்.

கழற்றுவதற்கு என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல, கணக்கு. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 110 டிகிரியில் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. மூடியைத் திறந்த கணம் அந்த உரிமை பறிபோகும். ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 18 கிராம் உடனே ஆவியாகி, 30 லிட்டர் நீராவியாக விரியும். அதோடு சேர்ந்து வருவது கொதிக்கும் தண்ணீர், முகத்தை நோக்கி. மாற்றும்போது வாஷரைப் புதிதாகப் போட வேண்டும், மரை அமர்ந்ததும் முறுக்குவதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் எதிரில் இருப்பது அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான். பழைய கார்களில் மீட்டருக்கென்றே ஒற்றை ஒயர் சென்சார் தனியாக இருக்கும். அதன் எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. கசியக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் தூங்கிவிடும். கடைசியில் கூலன்டை நிரப்பி, உள்ளே ஏர் லாக் இல்லாமல் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழ் சரியாக நுனியில் போய் உட்கார்ந்தால் பழைய கதைதான்.

வேப்பமரத்தடிக் காருக்குப் புது சென்சார் வாங்கவில்லை. மெக்கானிக் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். திரையில் மைனஸ் 40 அசையவே இல்லை. ஷார்ட் ஆக்கியும் சூடு ஏறவில்லை என்றால் தப்பு சென்சாரில் இல்லை, கப்ளருக்கும் கணினிக்கும் நடுவே. ஒயர்க் கட்டைத் தடவிக்கொண்டே போன விரல் பேட்டரித் தட்டுக்கு அடியில் நின்றது. எலி கடித்த இடம், பக்கத்தில் அரை உறை பிஸ்கட் காகிதம். ஒட்டுப் போட்டு, சாலிடர் வைத்து, மேலே டியூப் சுற்றினார். ஃபேன் நின்றது. திரையில் 47 டிகிரி. பானட்டுக்குக் கீழே அந்த மதியத்தில் இருக்க வேண்டிய சூடு.